ஐந்து மணிக் கப்பல்

கப்பல் என்றால் எங்கள் சின்ன மாமனாருக்குத் தண்ணீரில் போகிற ரயில், அவ்வளவுதான். பெயர் ராஜமாணிக்கம். விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மாமனார் காலமான பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் வந்து நிற்பார். நிற்பதோடு விட்டாலும் பரவாயில்லை, பேசவும் செய்வார்.

"அதெப்படிடா ஆள வுட்டுட்டுக் கப்பல எடுப்பான்?" என்று அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "இங்க திருச்சி வண்டி லேட்டுன்னா சேலம் வண்டி நிக்கும். நானே நிறுத்தி வச்சிருக்கேன். கனெக்ஷன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"கப்பலுக்குக் கனெக்ஷன்லாம் கெடையாது சித்தப்பா. அஞ்சு மணின்னா அஞ்சு மணி."

"ஒனக்குத் தெரியாதுடா. மேல ஒருத்தன் இருப்பான். அவன்கிட்ட மொறையா சொன்னா நிப்பான்."

என் வீட்டுக்காரர் பெயர் கொளஞ்சிநாதன். வெளிநாட்டுக்காரர்கள் உல்லாசமாக ஊர் சுற்றுகிற பெரிய கப்பல் ஒன்றில் சமையல்கட்டில் வேலை. காலையில் ஒரு ஊரில் நிற்கும். பயணிகள் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் வந்து ஏறிவிட வேண்டும். மறுநாள் வேறு ஊர். அந்தக் கப்பல் இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம் முதல் தடவையாகச் சென்னைக்கு வந்தது. வந்த அன்றும் மறுநாளும் அங்கேயே நின்றது. இவர் வேலையையும் சேர்த்துப் பார்க்க இன்னொருவன் ஒத்துக்கொண்டதால் ஓர் இரவு வீட்டில் தங்கிவர விட்டார்கள். எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். அவளை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர் கப்பலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலோடு வேலையும் போய்விடும். கப்பலைத் தவறவிட்டவனை இன்னொரு கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று அனுப்பிவைத்த ஏஜெண்டு முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? காண்ட்ராக்ட் முடிந்து அவர் திரும்பியதும் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போவது என்று பேசி வைத்திருந்தோம். தாழ்ப்பாள் போட்டால் போட்டபடி இருக்கிற கதவுள்ள வீடு. வேலை போனால் நான் அந்தச் சொந்தக்காரக் கூட்டத்துக்கு நடுவிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கூட்டம் என்று சும்மா சொல்லவில்லை. அவரை அழைத்துவந்த சுமோ தெருமுனையில் திரும்பும்போதே எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பள்ளம் விழுந்தால் பீங்கான் கம்பெனிகளில் கழித்துப்போட்ட உடைசலைக் கொண்டுவந்து கொட்டி நிரப்புவார்கள். அதன் மேல் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். கால் கிழிந்தால் கிழியட்டும், பெட்டி திறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் முகம் கழுவி வருவதற்குள் பெட்டி திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று கேட்டேன். யாருமே திறக்கவில்லையாம். மூக்குப்பொடி போடுகிற ராஜம்மாள், என் மாமியாருக்குப் பெரியம்மா மகள், சோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து முகர்ந்து அடுக்கினாள். அந்த மூக்குப் பட்ட சோப்பை நான் எப்படிப் பிள்ளைக்குப் போடுவேன்? சின்ன மாமனார் ஒரு மிட்டாயைக் கடித்தார். உள்ளே சாராயமோ என்னவோ கசந்திருக்கிறது. கையில் துப்பி, கையைத் தூணில் தடவிவிட்டு, இன்னும் நாலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"எம்புள்ள கப்பல்ல ஆபீசரு" என்று என் மாமியார் ராஜாம்பாள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் என்ன ஆபீசர் என்று எனக்கும்தான் விளங்கவில்லை. இவர் மறுக்கவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். இவர் தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். மோர் சோறு மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டார். பாப்பாவைக் கொடுத்தபோது உள்ளங்கை படாமல் முழங்கை மடிப்பில் வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்திருந்தார். பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லை, பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன மாமனார் கதை கேட்டு நச்சரிக்கவே, ஏதோ ஒரு தீவில் வயதான புருஷனும் பெண்டாட்டியும் கடைவீதியில் நேரத்தைத் தொலைத்துவிட்டுக் கப்பலைப் பிடிக்க ஓடிவந்ததைச் சொன்னார். அதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டதாம். மேல்தளத்தில் நின்றவர்கள் அவர்கள் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்களாம். கூட வந்த சனம், கூடச் சாப்பிட்ட சனம்.

"சீ, மனுசனுங்களா அவனுங்க" என்றேன்.

"அவன் மொறையா சொல்லியிருக்க மாட்டான்" என்றார் சின்ன மாமனார்.

மறுநாள் விடியும்போதே செய்தி வந்துவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியில் மாயவன் செத்துப்போனார். அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன், என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். அன்றைக்குத்தான் போக வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. செத்த மனுஷன் மேல் கோபப்படுவது தப்புதான். ஆனால் வந்தது.

"மாமன் செத்துக் கெடக்கறாரு, மருமவன் ஊருல இருந்துகிட்டே மொகத்தக் காட்டாம போனான்னா நான் எப்படி நாலு பேரு மொகத்துல முழிக்கிறது?" என்று அத்தை தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அத்த, சென்னைக்குப் போற வழி உளுந்தூர்பேட்டை. கருவேப்பிலங்குறிச்சி அதுக்கு நேர் எதிர்ல இருக்குது" என்றேன்.

"ஒரு மாலையப் போட்டுட்டு அப்படியே கெளம்பிடலாம். வண்டிதான் இருக்குதே" என்றார் சின்ன மாமனார். "பத்து மணிக்கு எடுத்தாக்கூட போயிடலாம். நான் நேரம் பாத்து வேல செஞ்சவன்டி. எனக்கா சொல்லித் தர்ற?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். போக முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் "சரி, போயிட்டே போலாம்" என்றார். அம்மா மேல் பாசம் என்று விட்டுவிட்டேன்.

சாவு வீட்டுக்குப் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பாப்பாவைப் பக்கத்து வீட்டு உபகாரமேரி அக்காவிடம் கொடுத்தேன். "நீ எதுக்குடி போற? புள்ளையோட வூட்ல இரேன்" என்று அவர் கேட்டார். "நான் போவலன்னா அவரு கெளம்ப மாட்டாருக்கா" என்றேன். என் வீட்டுக்காரருடைய பையை நானே வண்டியின் பின்பக்கம் வைத்தேன். அங்கிருந்தே நேராக அனுப்பிவிடுவது என்று முடிவு. டிரைவர் தங்கராசு உள்ளூர்க்காரர். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று அவரிடமும் இரண்டு தடவை சொன்னேன். போவது இவர் ஒருவர் என்றால் வண்டியில் ஏறியது எட்டுப் பேர். ராஜம்மாள் என் மடியில் பாதி, சீட்டில் பாதி.

சாவு வீட்டில் மேளம் காதைக் கிழித்தது. மாயவனைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்த பிளாஸ்டிக் டம்ளரைப் பெஞ்சுக்கு அடியிலேயே உருட்டிவிட்டார்கள். பந்தலின் ஓரத்தில் சீட்டாட்டம். யாரோ காலையிலேயே ஊற்றிக்கொண்டு, செத்தவருக்குத் தான்தான் உண்மையான சிநேகிதன் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான். வாந்தி எடுத்த இடத்தில் சாம்பலைப் போட்டு மூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாலை போட்டார். ஆண்கள் பக்கம் போய் எல்லாருக்கும் கைகொடுத்தார். என்னைப் பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு ராஜம்மாள் ஒப்பாரி வைத்தாள்.

"என்னப் பெத்த அண்ணா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே..." என்று இழுத்தவள், மூச்சு வாங்குகிற இடத்தில் என் காதுக்குள், "அந்தப் பச்ச சோப்பு எத்தினி எடுத்தாந்தான்?" என்றாள். "எங்கண்ணா..." என்று மறுபடி ஆரம்பித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அவளிடமிருந்து கழுத்தை விடுவித்துக்கொண்டு தெருவுக்கு வந்து பார்த்தால் சுமோ இல்லை.

வேறெங்காவது நிறுத்தியிருப்பாரோ என்று தெருக்கோடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். கோயில் பக்கம் பார்த்தேன். பால் சொசைட்டி வாசலில் பார்த்தேன். தங்கராசு போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மணி ஒன்பதரை ஆகிவிட்டது. திரும்பி ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விரல் நுனிகளை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டியக் காணும்."

"வந்துடும். உக்காரு."

"எங்க போச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் சின்ன மாமனார் முந்திக்கொண்டார். "நான்தான் அனுப்பினேன், சேத்தியாத்தோப்புக்கு. செத்தவரு மவ ஆண்டாளு செதம்பரத்துலேர்ந்து வருது. பஸ்ஸு இல்லாம நின்னுகிட்டு இருக்குதாம். பெத்த மவ அப்பன் மொகத்தப் பாக்க வேணாமா?"

"பாக்கணும். அதுக்கு இவரு வண்டிதானா? ஊருல வேற வண்டியே கெடையாதா?"

"இப்ப வந்துடும்டி. அப்படியே வுட்டாலும் ஜங்ஷன்ல பகல் ரயிலப் புடிச்சா போச்சு."

"அத இங்கேர்ந்து எப்படிப் போய்ப் புடிக்கிறது? பறந்தா?"

"நான் ஒரு போன் போட்டா..."

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. யார் வீடு, யார் கிடக்கிறார் என்பதெல்லாம் மறந்துபோனது. "போன் போட்டு ரயில நிறுத்துவீங்க, கப்பல நிறுத்துவீங்க. அடுத்தவன் பொழப்பையும் சேத்து நிறுத்துவீங்க. கைநெறைய மிட்டாய அள்ளி மடியில கட்டத் தெரிஞ்சுது, குடுத்தவன் நேரத்துக்குப் போயிச் சேரணும்னு தெரியலியா? நீங்கள்லாம் ஒரு பெரிய மனுசனா?" என்றேன். இதற்கு மேலும் சொன்னேன். அதையெல்லாம் எழுத முடியாது. மேளம் நின்றுவிட்டது. சீட்டாடியவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள்.

சின்ன மாமனார் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ராஜம்மாள்தான் பேசினாள். "பொணம் கெடக்குது, இவ கப்பலுக்குப் பறக்கறா. தரித்திரம் புடிச்சவ." அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, எனக்கு இப்படி ஒரு மருமகள் வாய்த்தாளே என்று செத்துப்போன அண்ணனிடம் முறையிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வந்து, "விடு பிரபா, நடக்கறது நடக்கும்" என்று என் தோளைத் தொட்டார். இப்படி ஒரு சாது இந்தக் கூட்டத்தில் வந்து பிறந்தாரே என்று எனக்கு அழுகை வந்தது.

சுமோ வந்து நிற்கும்போது மணி பதினொன்று ஆகப்போகிறது. ஆண்டாள் கதவைத் திறந்து இறங்கியவள் கால் தடுக்கி விழுந்து எழுந்து, "அப்பா" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். எல்லாரும் அவள் பின்னாலேயே போனார்கள். நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கோபம் தங்கராசு மேல் திரும்பியது.

"ஒங்ககிட்ட எத்தினி தடவ சொன்னேன்? அந்தப் பெரியவரு போன்னு சொன்னா போயிடுவீங்களா?"

தங்கராசு விழித்தார். "அவரு சொல்லி நான் எதுக்கும்மா போறேன்? அவரு வந்து கேட்டப்ப முடியாதுன்னுட்டேன். வண்டி புடிச்சவரு சாரு, அவரு சொன்னாத்தான் நவுத்துவேன்னு சொல்லிட்டேன். அப்பறம் சாரே வந்து சொன்னாரு. அவசரம் இல்ல, மெதுவா கூட்டிகிட்டு வான்னு."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராசு நல்லவர். டயரைப் பார்ப்பதுபோல வண்டியின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

"என்னங்க இது?"

"என்னால முடியல பிரபா."

"எது முடியல?"

"என்னா வேல பாக்கறேன்னு தெரியுமா ஒனக்கு?" மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "கப்பலுக்கு அடியில ஒரு ரூமு. ஜன்னலு கெடையாது. மேல அவ்ளோ சனம் திங்குது. தின்னுட்டு வைக்கிறது பூரா என்கிட்டதான் எறங்கும். தட்டுல இருக்கறதக் கையால வழிச்சு ஒரு பள்ளத்துல தள்ளணும். மெஷினு அரைக்கும். கடிச்சுத் துப்புன எறா, சிகரெட்டக் குத்தி அணைச்ச கேக்கு, மூக்கு சிந்துன காகிதம். ஒரு வாய்கூட வைக்காத முழுக்கோழியும் வரும். எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சா சூடா ஒரு கூழு வருது பாரு, அந்த நாத்தம்... ஆபீசராம், ஆபீசரு. நான் எச்ச எடுக்கறவன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எத்தினி வாட்டி கழுவினாலும் கையி நாறுது. பாப்பாவ மூஞ்சிகிட்ட கொண்டாரவே பயமா இருக்குது."

நான் அவர் இரண்டு கைகளையும் பிடித்து முகர்ந்து பார்த்தேன். காலையில் போட்ட மாலையின் மல்லிகை வாசம்தான் இருந்தது. நாறவில்லை என்றேன். ஒனக்குத் தெரியாது என்றார். ஒரு மனுஷனைத் தினமும் ஊராரின் எச்சிலுக்குள் முக்கி எடுத்திருக்கிறார்கள். இது தெரியாமல் நான் அவரை அடித்துத் துரத்தாத குறையாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். தனி வீடு ஒரு நொடி கண்முன் வந்தது. போனால் போகட்டும் என்று அங்கேயே விட்டேன். உண்மையாகவேதான் விட்டேன்.

"அப்ப போவாதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் திரும்பவும் பீங்கான் கம்பெனிக்குப் போறேன். நீங்களும் எதுனா பாருங்க. கஞ்சி குடிச்சாலும் குடிப்போம். ஆனா உள்ள வாங்க. வந்து, வண்டிய நான்தான் அனுப்பினேன், எனக்கு இந்தக் கப்பல் வேல வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பொணத்துக்கு முன்னாடி ஒங்க சித்தப்பாவ அந்தப் பேச்சு பேசியிருக்கேன். அவரு மேல தப்பு இல்ல. நான் கால்ல வுழுவறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

"அது எதுக்கு இப்ப?" என்றார். "வண்டி லேட்டாயிடிச்சி, கப்பல் போயிடிச்சின்னா முடிஞ்சுது. யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

"அவருதான் ஒங்க வேலையக் கெடுத்தாருன்னு ஆயிடும்."

"சித்தப்பாதானே. அவரு தாங்கிக்குவாரு."

"நான்?"

"நாலு நாளு பேசுவாங்க. அப்பறம் மறந்துடுவாங்க."

அவர் இதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்றால், காலையிலேயே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் பைத்தியக்காரி மாதிரி தெருத்தெருவாக ஓடும்போதும், அந்தக் கிழவரைக் கிழித்துத் தொங்கவிடும்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். என் தோளைத் தொட்டு விடு என்று வேறு சொன்னார்.

"அப்ப நானே போயி சொல்றேன்" என்று திரும்பினேன்.

என் கையை எட்டிப் பிடித்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. "அம்மாவுக்குத் தெரியக் கூடாது பிரபா. நான் எச்ச எடுக்கறேன்னு தெரிஞ்சா அவங்க தலையத் தூக்கி நடக்க முடியாது."

"எச்ச பத்தி நான் பேசல. வண்டிய அனுப்பினது நீங்கதான்னு சொல்றேன். அது போதும்."

"ஏன் அனுப்பினேன்னு கேப்பாங்கள்ல?"

"கேப்பாங்க. சொல்லுங்க."

உள்ளே ஆண்டாளின் அழுகை கேட்டது. அவர் வாசலைப் பார்த்தார். சுமோவைப் பார்த்தார். அந்தப் பந்தலுக்குள் போய் ஒரு வரி சொல்ல வேண்டும், அல்லது அந்த ஜன்னல் இல்லாத அறைக்குத் திரும்ப வேண்டும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருவார் என்றுதான் நினைத்தேன்.

"தங்கராசு," என்று கூப்பிட்டார், "அஞ்சு மணிக்குள்ள போயிட முடியுமா?"

"எங்கயும் நிறுத்தாம மிதிச்சா போயிடலாம் சார்."

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கிற வலு எனக்குப் போய்விட்டது. கண்ணாடியை இறக்கி, "நீ ஒண்ணும் சொல்லிடாத" என்றார். வண்டி தெருக்கோடியில் திரும்பி மறைந்தது.

பிறகு பந்தலுக்குள் போனேன்.

"எங்கடி அவன்?" என்றார் அத்தை.

"போயிட்டாரு."

"போயிட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்த..." என்று வாய் கோணிய அத்தைக்குச் சட்டென்று முகம் தெளிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "சாவு வூட்டுல யாரு சொல்லிக்கிட்டுப் போவாங்க? பாத்தீங்களா, எத்தினி தேசம் சுத்தினாலும் எம்புள்ள மொற மறக்கல."

"ஆபீசர்னாலும் அடக்கமான புள்ள" என்றாள் ராஜம்மாள்.

சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், நேரத்துக்குக் கெளம்பிடுவான்னு. சரி போ, சின்னப் பொண்ணு, ஏதோ ஆத்திரத்துல பேசிட்ட. நான் மனசுல வச்சிக்கல" என்றார். என் தலையில் கைவைத்து மன்னித்தும் விட்டார். நான் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன். அப்போதே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உடைத்தால் என் வீட்டுக்காரர் பேரோடு என் பேரும் என் பிள்ளை பேரும் சேர்ந்துதானே நாறும் என்று நினைப்பு ஓடியது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டேன் என்று தோன்றியது. சகிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு உபகாரமேரி அக்காவிடம் பாப்பாவை வாங்கப் போனேன். "ஒங்க வண்டி இப்பிடித்தான் போச்சு பிரபா. நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். நிக்கல. நேரமாயிடிச்சி போலருக்குது" என்றார். ஆமாம் என்றேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து பேசினார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"ஏறிட்டேன் பிரபா. கடைசி ஆளு நான்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க."

"சரி."

"அங்க என்னா சொன்னாங்க?"

"மொற தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. சாவு வூட்டுல சொல்லிக்காம போனீங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல."

"நீ ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லங்க."

அப்பாடா என்று மூச்சு விடுவது கேட்டது. பிறகு சிரித்தார். ஊருக்கு வந்து போன அந்த இரண்டு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அடுத்த வேளைத் தட்டுகள் அவருக்காகக் கீழே குவிந்துகொண்டிருக்கும். அவர் அங்கிருந்து நிம்மதியாகச் சிரித்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மசக்கையில்கூட அப்படிக் குமட்டியதில்லை.

"அம்மாகிட்டக் குடு" என்றார்.

அத்தை ஏற்கனவே கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். போனைக் கொடுத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். "ராசா, நேரத்துக்கு ஏறிட்டியாடா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.